விருந்தினர் திருத்திய புத்தகம்

ஆம்பூர்
3-7-2005

அன்புள்ள ஷஹீன்,

நீங்கள் சென்னைக்குக் குடிபோய் ஒரு மாதம் ஆகிறது. வகுப்பில் உன் இடத்தில் இப்போது ஸ்வேதா என்று ஒரு பெண் உட்காருகிறாள். குடியாத்தத்தில் இருந்து பஸ்ஸில் வருகிறாள். வீட்டில் லுங்கித் தறி ஓடுவதால் சத்தமாகப் பேசியே பழகியவள். நல்லவள்தான். ஆனால் நான் படித்துக்கொண்டிருக்கும்போது அட்டையைத் தூக்கிப் பார்த்து, "இதுல லவ் இருக்கா?" என்று கேட்கிறாள். இல்லை என்றால் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறாள்.

உங்கள் சாமான்களை லாரியில் ஏற்றிய அன்று என் இடது செருப்பு காணாமல் போனதே, ஞாபகம் இருக்கிறதா? லாரி போன பிறகும் தெரு முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. வலது செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தேன். எதிரில் வந்தவர்கள் எல்லாம் "இன்னாம்மா ஆச்சு?" என்று நிறுத்திக் கேட்டார்கள். நீ போய்விட்டாய் என்று அழவேண்டிய நேரத்தில் எனக்கு ஒரு கதை தோன்றிவிட்டது. ஒரு ஷூ கம்பெனியில் தினமும் இடது ஷூக்கள் மட்டும் திருடு போகின்றன. வலது ஷூவை யாரும் தொடுவதில்லை. ஒற்றை ஷூவை வைத்துக்கொண்டு ஒரு திருடன் என்ன செய்வான்? எனக்கும் தெரியாது. அதனால்தான் இது நல்ல கதை என்று நினைக்கிறேன். துப்புத் துலக்குகிறவள் நம் வயதுப் பெண். பெயர் கமலவேணி.

இதை நாம் சேர்ந்து எழுதலாமா? போன வருஷம் கடைசி பெஞ்சில் எழுதியது போல ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான். ஆனால் தபாலில் அனுப்பி வாங்கி எழுதினால், திருடன் பிடிபடுவதற்குள் நாம் கல்லூரியே முடித்துவிடுவோம். உன் அண்ணன் கம்ப்யூட்டர் படித்தவராயிற்றே. வேறு வழி இருக்கிறதா என்று கேட்டுச் சொல்.

உன் அம்மாவை, அதாவது நம் அம்மியை, மிகவும் கேட்டதாகச் சொல். அவர் போடும் டீ மாதிரி இங்கே யாருக்கும் போடத் தெரியவில்லை.

அன்புடன்,
ஜெமி


பெரியமேடு, சென்னை
12-7-2005

ஏய் பண்டிதை,

லாரிக்காரரை விசாரித்துவிட்டேன். உன் இடது செருப்பை அவர் எடுக்கவில்லையாம். குரான் மேல் சத்தியம் செய்யட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கதை அபாரம். அண்ணன் லியாகத் பாயிடம் சொன்னேன். பாய் கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடுகிறேன் என்று நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். "ஒரு வெப்சைட் போட்டுடலாம், அதுக்கு இன்னா" என்றார். எப்படி என்றால், அதில் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு பக்கம் இருக்கும். எழுத விரும்புகிற யாரும் அதில் எழுதலாம். இருப்பதைத் திருத்தலாம். திருத்தினால் பழையது அழிந்துவிடாது. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று ஓரத்தில் நிற்கும். பிடிக்கவில்லை என்றால் பழையபடி திருப்பிக்கொள்ளலாம். பூரி சுடுகிற மாதிரி சொல்கிறார், ஆனால் இரண்டு நாளாகச் சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை.

நாங்கள் நன்றாக இருக்கிறோம். கீழே தோல் கிடங்கு, மூன்றாவது மாடியில் நாங்கள். ஆம்பூரை விட்டு வந்தும் வாசனை விடவில்லை. அம்மிக்குத்தான் பேஜார். இங்கே முற்றம் கிடையாது, பக்கத்து வீட்டுக்காரர் யார் என்றும் தெரியாது. வந்த நாளில் இருந்து மாடியை விட்டு இறங்காமல் ஜன்னல் ஓரமே உட்கார்ந்திருக்கிறார். உன் கடிதத்தை உருதுவில் சொல்லிக் காட்டினேன். டீ பற்றி எழுதியிருந்த இடத்தை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

ஷஹீன்


ஆம்பூர்
24-7-2005

அன்புள்ள ஷஹீன்,

வெற்றி! ஆனால் அதற்கு முன்னால் ஒரு பெரிய தோல்வி.

சனிக்கிழமை ஒரு மணி நேரம் பிரவுஸிங் சென்டருக்குப் போக அப்பா அனுமதி கொடுத்துவிட்டார். (அதற்குள் கடிதமும் எழுத முடியாது என்பதால்தான் இன்னும் தபாலிலேயே எழுதுகிறேன்.) நீ அஞ்சலட்டையில் அனுப்பிய தள முகவரியைத் தட்டினேன். நம் தளம் வந்தது. ஆனால் ஒரு எழுத்துகூட இல்லை. பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டங்கள், சல்லடை போல. சென்டர் வைத்திருக்கும் டைட்டஸ் அண்ணன் ஓடிவந்து, "வைரஸ்மா இது! கை வெக்காத!" என்று மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார். பக்கத்தில் ஒருவர் வேலைக்கு விண்ணப்பம் தட்டிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை நான் எழுத முடியாது.

பிறகு நானே கண்டுபிடித்தேன். பழைய கம்ப்யூட்டர்களில் இந்தத் தமிழ் தெரியாது. மூலையில் ஒரு புதிய கம்ப்யூட்டர் இருக்கிறது, அதில் தெரியும். ஆனால் அதில்தான் டைட்டஸ் அண்ணன் சீட்டு விளையாடுகிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் ஆட்டம் முடியும்வரை பின்னால் நின்று, "அண்ணா, அந்த ராணிய இங்க வெச்சா?" என்று யோசனை சொல்லி ஜெயிக்க வைத்து இடத்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

முதல் அத்தியாயத்தைத் தட்டிவிட்டேன். இனி பலரும் எழுத வருவார்கள் என்பதால் விதிகள் வேண்டும். முதல் விதி: பிழையில்லாமல் தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் மட்டுமே இந்தப் புத்தகத்தில் கை வைக்கலாம். அடுத்தது: துப்பறியும் கதைக்குச் சம்பந்தம் இல்லாத எதையும் நுழைக்கக் கூடாது. இரண்டையும் முகப்பில் பெரிய எழுத்தில் போடச் சொல். புத்தகம் என்றால் அதற்கு ஒரு மரியாதை இருக்க வேண்டும் இல்லையா?

அன்புடன்,
ஜெமி


பெரியமேடு
5-8-2005

ஜெமி டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் விதிகள் முகப்பில் போடப்பட்டன. தளத்துக்குச் 'சேர்ந்தெழுது' என்று பெயர் வைத்தாயிற்று. பெயர் பாய் யோசித்தது, பச்சை நிறம் நான் சொன்னது.

உன் முதல் விதியை வீட்டில் படித்துக் காட்டினேன். அதன்படி பார்த்தால் எங்கள் வீட்டில் பாதிப் பேர் அவுட். எனக்கே சந்தேகம்தான். நீதானே என் எல்லாக் கட்டுரையிலும் ஒற்று போட்டுக் கொடுப்பாய்?

பெயர் பதிவு செய்தவர்கள் எழுதினால் அவர்கள் பெயர் நிற்கும். பதிவு செய்யாமல் எழுதினால் 'விருந்தினர்' என்று நிற்கும். பாய் அப்படி வைத்திருக்கிறார். வெட்கப்படுகிறவர்களும் எழுத வேண்டாமா என்கிறார்.

இரண்டாவது அத்தியாயம் என்னுடையது. காவலாளியை நான்தான் சந்தேகப்பட வைத்திருக்கிறேன், நீ அவரை விடுவித்துவிடாதே. உன் கமலவேணி ரொம்ப நல்ல பெண்ணாக இருக்கிறாள். ஒரு தடவையாவது பொய் சொல்லட்டும்.

ஷஹீன்


ஆம்பூர்
21-8-2005

அன்புள்ள ஷஹீன்,

நம் புத்தகத்துக்குக் கூட்டம் வந்துவிட்டது. சந்தோஷப்படுவதா கவலைப்படுவதா என்று தெரியவில்லை.

ஸ்வேதா பதிவு செய்துகொண்டாள். அவள் வந்ததில் இருந்து கதையில் வரும் ஆண்கள் எல்லோரும் குடியாத்தம் லுங்கி கட்டுகிறார்கள். காவலாளி கட்டினால் சரி. ஷூ வாங்க ஜெர்மனியில் இருந்து வருகிறவரும் நீலக் கட்டம் போட்ட லுங்கியில் விமானத்தை விட்டு இறங்குகிறார். கேட்டால், "ஏன், அவங்க ஊர்ல வெயில் இல்லியா?" என்கிறாள்.

அவளையாவது பொறுத்துக்கொள்வேன். என் கவலை அந்த விருந்தினர். முதலில் கமலவேணியின் அம்மா ஊற்றிய காபியை டீயாக மாற்றினார். சரி என்று விட்டேன். பிறகு கமலவேணி சாப்பிடாமல் துப்பறியக் கிளம்புகிற இடத்தில், "வயிற்றைக் காயப்போட்டால் மூளை எப்படி வேலை செய்யும்?" என்று அம்மா கேட்பதாக ஒரு வரி. போன வாரம் மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு கல்யாணத்தையே நடத்திவிட்டார்! கமலவேணியின் தோழியுடைய அக்காவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளையின் ஷூவை மச்சினிமார்கள் ஒளித்து வைக்கிறார்கள், அவர் பேரம் பேசுகிறார், ஒரே கலகலப்பு. துப்பறியும் கதையில் கல்யாணம் எதற்கு? இரண்டாவது விதியை அவர் படிக்கவில்லையா?

ஸ்வேதாவைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். "நானா? நான் கல்யாணம் வெச்சா அதுல லவ் இருக்கும்ல?" என்றாள். அது நியாயமாகப் பட்டது.

கல்யாணத்தை எடுத்துவிட்டேன். இரண்டு நாளில் திரும்ப வந்து நிற்கிறது. என் அத்தியாயங்களை வேறு யாரும் தொட முடியாதபடி பூட்டிவிட முடியுமா? உன் அண்ணனிடம் கேள்.

அன்புடன்,
ஜெமி


பெரியமேடு
30-8-2005

ஜெமி,

பூட்ட முடியும். பூட்ட மாட்டேன்.

யாரும் சேர்ந்து எழுதலாம் என்று பெயர் வைத்துவிட்டு, வந்தவர் முகத்தில் அறைந்த மாதிரி கதவைச் சாத்துவதா? நான் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். மாப்பிள்ளை ஒரு காலில் ஷூவோடு தத்தித் தத்திப் பந்திக்குப் போகிற இடத்தைப் படித்து நீ சிரிக்கவே இல்லையா? இங்கே சிரித்தார்கள். அதாவது, நான் சிரித்தேன்.

கல்யாணம் இருந்துவிட்டுப் போகட்டும். எல்லாவற்றையும் உன் கம்பெனிக்குள்ளேயே வைத்தால் படிக்கிறவர்களுக்கு மூச்சு முட்டும்.

விருந்தினர் யார் என்றால், விருந்தினர்தான். எல்லாவற்றையும் துப்பறியாதே.

ஷஹீன்


ஆம்பூர்
11-9-2005

ஷஹீன்,

நேற்று அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவர் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியின் ஆபீசுக்குப் போக, தோல் வெட்டுகிற ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு தோலை விரித்து, ஒரு ஜோடிக்கான இடதையும் வலதையும் பக்கத்தில் பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று அப்பாவைக் கேட்டேன். "ஒரே தோல்ல வெட்டணும்மா. வேற வேற தோல்ல வெட்டினா கலர் ஒத்து வராது, ஜோடியா வெச்சா காட்டிக் குடுத்துடும்" என்றார். எனக்கு நம் புத்தகம்தான் ஞாபகம் வந்தது. நான் எழுதியது ஒரு தோல், விருந்தினர் எழுதியது வேறு தோல். படிக்கிற யாருக்கும் தெரியும்.

அதற்கப்புறம் சென்டருக்குப் போனேன். நான்காவது அத்தியாயத்தில், 'கமலவேணி பின்கதவைச் சாத்தினாள்' என்று எழுதியிருந்தேன். அது இப்போது, 'பின்கதவைக் கால் கட்டைவிரலால் கொஞ்சம் தூக்கி, தோளால் ஒரு இடி இடித்துச் சாத்தினாள்' என்று இருக்கிறது. திருத்தியவர் விருந்தினர்.

அந்தக் கதவு எனக்குத் தெரியும், ஷஹீன். ஆம்பூரில் உங்கள் வீட்டுப் பின்கதவு. மழைக்காலத்தில் நானே எத்தனையோ தடவை அப்படிச் சாத்தியிருக்கிறேன். அது உங்கள் வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் தெரியாது. உன் அண்ணனுக்குக் கதையில் ஆர்வம் இல்லை. அப்படியானால் மிச்சம் யார்?

நான் எழுதியது பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லியிருக்கலாம். கடைசி பெஞ்சில் நீ என் வரிகளை என் கண் முன்னாலேயே அடித்திருக்கிறாய், நான் கோபப்பட்டதே இல்லை. என்னைத் திருத்த உனக்கு முகமூடி எதற்கு? "இங்கே சிரித்தார்கள்" என்று வேறு எழுதுகிறாய். யாரோடு சேர்ந்து சிரித்தாய்?

என் பெயரைப் புத்தகத்தில் இருந்து எடுத்துவிடு. இனி நீயும் உன் விருந்தினருமே எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெமி


(அஞ்சலட்டை)
பெரியமேடு
16-9-2005

ஜெமி,

உன் பெயரை எடுத்துவிட்டேன். அத்தியாயங்கள் அப்படியே இருக்கின்றன. விருந்தினர் நான் இல்லை. யார் என்று சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஷஹீன்


பெரியமேடு
3-10-2005

ஜெமி,

வாக்கில் இருந்து இன்றைக்கு விடுதலை கிடைத்தது. முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

விருந்தினர், எங்கள் அம்மி.

எனக்குத் தெரியும், நீ இப்போது கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, அம்மிக்குத் தமிழில் 'அ' கூடத் தெரியாதே என்று யோசிக்கிறாய். உண்மைதான். நான் வாய்விட்டுப் படிப்பேன், உருதுவில் சொல்வேன். அம்மி கேட்டுக்கொண்டே வெங்காயம் உரிப்பார். திடீரென்று, "நில்லு, நில்லு. அந்த நேரத்துல எந்த அம்மா பொண்ணைச் சாப்பிடாம அனுப்புவா? மாத்து" என்பார். மாற்றுவேன். முதலில் விளையாட்டாகத்தான் செய்தேன். உன் விதியைப் படித்துக் காட்டிய அன்றைக்கு அம்மி முகம் சின்னதாகிவிட்டது. "நம்ம ஜெமி போட்ட சட்டமா? அப்ப என் பேரைச் சொல்லாத. தமிழ் தெரியாத பொம்பளை தமிழ்ப் புக்கு எழுதறாளான்னு சிரிப்பா" என்றார். நீ சிரிக்க மாட்டாய் என்றேன். கேட்கவில்லை.

அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? அந்தக் கல்யாணத்தை அம்மி சொல்லிக்கொண்டிருந்தபோது, இரண்டாவது மாடி நசீமுன்னிசா ஆன்ட்டி சர்க்கரை வாங்க வந்தார். உட்கார்ந்துவிட்டார். மறுநாள் எதிர் வீட்டு அஃப்ஸர் ஜஹான் அக்காவையும் கூட்டி வந்தார். இப்போது தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டரைச் சுற்றி ஒரு மாநாடு. "இங்கே சிரித்தார்கள்" என்று நான் எழுதியது இவர்களைத்தான். உன்னைப் பார்த்து இல்லை. மாப்பிள்ளையைப் பார்த்து. மாடியை விட்டு இறங்காத அம்மி, போன வாரம் நசீமுன்னிசா ஆன்ட்டியோடு மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்தார், ஜெமி!

இன்று காலை, "ஏன் புதுசா ஒண்ணும் வரல? அந்தக் கமலவேணிக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார். சமாளித்துப் பார்த்தேன். விடவில்லை. சொல்லிவிட்டேன்.

"அந்தக் கதவை வெச்சுக் கண்டுபிடிச்சாளா?" என்றார். முதலில் சந்தோஷம்தான் பட்டார், சத்தியமாக. "பாத்தியா, அவளுக்கு நம்ம கதவு ஞாபகம் இருக்கு." அதற்கப்புறம்தான் திட்டு. "என்னால ரெண்டு பேரும் பேசாம இருக்கீங்களா? எழுது, இப்பவே எழுது. எல்லாத்தையும் சொல்லு."

இன்னொரு விஷயம். பாய்க்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. பெருநாள் முடிந்ததும் கம்ப்யூட்டரோடு போகிறார். அதற்குள் புத்தகம் முடியாவிட்டால் அம்மியின் மாநாடு கலைந்துவிடும். எல்லோரும் அவரவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள், அம்மி மறுபடியும் ஜன்னலுக்குப் போய்விடுவார். இடது ஷூவைத் திருடியது யார் என்று எனக்குத் தெரியவில்லை. கதையை ஆரம்பித்தவள் நீ. வந்து முடித்துக் கொடு.

நோன்பு ஆரம்பிக்கிறது. கோபத்தோடு நோன்பு வைக்கக் கூடாதாம். அதனால் என் கோபம் முடிந்தது.

ஷஹீன்


ஆம்பூர்
9-10-2005

அன்புள்ள ஷஹீன்,

கடிதம் வந்த அன்றைக்கு எனக்கு இயற்பியல் தேர்வு. கடிதத்தைப் படித்துவிட்டுப் போனதால் எந்தக் கேள்வியும் தலையில் ஏறவில்லை. நேராகச் சென்டருக்குப் போனேன். சனிக்கிழமைகூட இல்லை. டைட்டஸ் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜெயிக்கிற ஆட்டத்தைப் பாதியில் விட்டு எழுந்துகொண்டார்.

அத்தியாயங்களை எல்லாம் முதலில் இருந்து படித்தேன். அடுத்த பத்தியை அம்மிக்குப் படித்துக் காட்டு. உருதுவில் நன்றாகச் சொல். சுருக்காதே.

அம்மி, நான் ஜெமி. என் கதையில் ஒரு வீடு இருந்தது, அதற்கு ஒரு கதவு இருந்தது, அவ்வளவுதான். நீங்கள் திருத்திய பிறகுதான் அதற்குள் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வேறு வேறு தோலில் வெட்டியது போல இருக்கிறது என்று ஷஹீனுக்கு எழுதினேன். அது உண்மைதான். ஆனால் எந்தத் தோல் நன்றாக இருக்கிறது என்பதைத்தான் தப்பாகப் பார்த்துவிட்டேன். கல்யாணத்தை எடுத்ததற்கு மன்னித்துவிடுங்கள். மாப்பிள்ளை தத்திப் போகிற இடத்தில் முதல் தடவையே எனக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

ஷஹீன், அந்த முதல் விதியை எடுத்துவிடு. இரண்டாவதையும்தான். பதிலுக்கு உன் அண்ணனிடம் ஒன்று கேள். ஒவ்வோர் அத்தியாயத்துக்குக் கீழேயும் இரண்டு பெயர் வர வேண்டும்: சொன்னவர், தட்டியவர். எழுதத் தெரியாத ஒருவர் சொல்ல, தெரிந்த ஒருவர் தட்டினால் அவர் விருந்தினர் இல்லை. வீட்டுக்காரர்.

திருடன் யார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பொய் சொல்லவில்லை. ஆரம்பித்த நாளில் இருந்தே தெரியாது. காவலாளி இல்லை, ஜெர்மன்காரரும் இல்லை. ஸ்வேதா, "ஒத்தக் காலு லவ்வர் யாராச்சும்?" என்றாள். வேண்டாம் என்றேன். அம்மியிடம் கேட்டுப் பாரேன். ஒற்றை ஷூவை ஒருவர் எதற்காக எடுப்பார்?

என் பெயரைத் திரும்பப் போடு.

அன்புடன்,
ஜெமி


பெரியமேடு
24-10-2005

என் அன்பு ஜெமி,

உட்கார்ந்துகொண்டு படி.

உன் கேள்வியை நோன்பு திறந்த பிறகு மாநாட்டில் வைத்தேன். கஞ்சிக் கிண்ணத்தோடு எல்லோரும் ஆளுக்கொரு திருடனைப் பிடித்தார்கள். அஃப்ஸர் ஜஹான் அக்கா முதலாளியின் மருமகன் என்றார் (சொந்த மருமகன் மேல் அவருக்கு ஏதோ கோபம்). நசீமுன்னிசா ஆன்ட்டி ஜின் என்றார். அம்மி கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தார். அப்புறம் திடீரென்று,

"மாப்பிள்ளை ஷூவை ஏன் ஒளிச்சு வெக்கிறோம்?" என்று கேட்டார்.

"காசு கறக்கத்தான்" என்றார் ஆன்ட்டி.

"காசு அப்புறம்மா. ஷூ இல்லாம மாப்பிள்ளை கிளம்ப முடியுமா? அதுவரைக்கும் பொண்ணு நம்ம வீட்டுல இருப்பா இல்ல?"

நான் ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். அம்மி சொல்லச் சொல்லத் தட்டினேன். கதை இதுதான். முதலாளி, தையல் பிரிவை வேறு ஊருக்கு மாற்றப் போகிறார். யாருக்கும் சொல்லவில்லை. கடைசி ஆர்டர் லாரியில் ஏறியதும் மெஷின்களும் ஏறிவிடும். ஆனால் தைக்கிற பெண்களுக்குத் தெரிந்துவிடுகிறது. தினமும் சில இடது ஷூக்களை எடுத்து ஒளிக்கிறார்கள். ஜோடி சேராமல் ஆர்டர் முடியாது. ஆர்டர் முடியாமல் லாரி கிளம்பாது. ஒளித்த இடம், கேன்டீனில் பக்ரீத்துக்கு மட்டும் இறக்குகிற பெரிய பிரியாணி டேக்சா! கமலவேணி மூடியைத் திறந்து பார்க்கிறாள். பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மூடிவிடுகிறாள். முதலாளி கேட்கும்போது, "காலிப் பாத்திரம்தான் சார்" என்கிறாள். அவள் சொல்கிற முதல் பொய்! கடைசியில் முதலாளி வேறு வழியில்லாமல் பெண்களோடு உட்கார்ந்து பேசுகிறார். பிரிவு ஊரிலேயே இருக்கிறது. டேக்சாவில் அன்றைக்குப் பிரியாணி.

ஆன்ட்டி அழுதார். அக்கா கை தட்டினார். எனக்கு மட்டும் மண்டைக்குள் ஏதோ குடைந்தது.

"அம்மி, நம்ம லாரி கிளம்பின அன்னிக்கு ஜெமியோட செருப்பு ஒண்ணு காணாமப் போச்சே?"

அம்மி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். போனவர் வரவில்லை. போய்ப் பார்த்தால், இரும்புப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் பேப்பரில் சுற்றிய உன் இடது செருப்பு! துடைத்து, வாரைக்கூடத் தைத்து வைத்திருக்கிறார்.

"லாரி கிளம்பற நேரத்துல இன்னா பண்றதுன்னு தெரியல. எடுத்துட்டேன். தேடிட்டு உள்ள வருவா, இன்னும் கொஞ்ச நேரம் நிப்பான்னு நினைச்சேன். அதுக்குள்ள வண்டி எடுத்துட்டான். நான் செருப்பும் கையுமா வண்டில உக்காந்திருக்கேன், யார்கிட்ட சொல்றது? அந்தப் பொண்ணு ஒத்தைக் கால்ல நடந்து போயிருக்கும்னு அப்புறம்தான் தோணுச்சு. அல்லா, எவ்ளோ கஷ்டமா இருந்துச்சு தெரியுமா!"

லாரிக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நானே தபாலில் அனுப்பிவிடுகிறேன் என்றேன். அம்மி பிடுங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். "பெருநாளுக்கு வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லு. அவங்க அப்பா, அம்மாவையும் கூட்டிட்டு வரச் சொல்லு. தபால்ல எல்லாம் அனுப்ப மாட்டேன்."

வருவாய்தானே? புத்தகம் முடிந்துவிட்டது என்று மாநாடு சோகமாக இருக்கிறது. பாய் கம்ப்யூட்டரைக் கட்ட அட்டைப்பெட்டி வாங்கி வந்துவிட்டார். அம்மி அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஷஹீன்


ஆம்பூர்
30-10-2005

அன்புள்ள ஷஹீன்,

கடைசி அத்தியாயத்தைச் சென்டரில் படித்தேன். என் தோள் வழியாக டைட்டஸ் அண்ணனும் படித்தார். டேக்சா வந்த இடத்தில், "அடி சக்கை!" என்று என் முதுகில் ஒரு அடி. அண்ணனுக்கு இனி வைரஸ் பயம் இல்லை. எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தெரிகிற மாதிரி மாற்றப் போகிறாராம். ஸ்வேதாவுக்கும் மனநிறைவு. ஒரே ஒரு திருத்தம்தான் செய்தாள். முதலாளி பெண்களோடு பேச உட்காரும்போது லுங்கியில் இருக்கிறார். நான் அதை எடுக்கவில்லை. கோட்டு சூட்டில் உட்கார்ந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்திருக்க மாட்டார் என்று தோன்றுகிறது.

அத்தியாயத்தின் கீழே பார்த்தேன். 'சொன்னவர்: அக்தரி பேகம். தட்டியவர்: ஷஹீன் பானு.' அம்மியின் பெயரையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அட்டைப்பெட்டியைப் பற்றி அம்மி கவலைப்பட வேண்டாம். கம்ப்யூட்டர்தானே பெங்களூர் போகிறது? தளம் போகவில்லை. அம்மி சொல்வதை நீ கடிதத்தில் எழுதி அனுப்பு. நான் சனிக்கிழமைதோறும் இங்கே தட்டுகிறேன். நான் தட்டியதை இங்கேயே அச்செடுத்துத் தபாலில் அனுப்புகிறேன், நீ மாநாட்டில் படித்துக் காட்டு. இனிமேல் மூன்று பெயர் போட வேண்டியிருக்கும், உன் அண்ணனைக் கிளம்புவதற்கு முன்னால் அதைச் செய்துவிட்டுப் போகச் சொல். அடுத்த புத்தகத்துக்கு நசீமுன்னிசா ஆன்ட்டியின் ஜின்னை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஆம்பூரில் ஜின் எங்கே குடியிருக்கும் என்று அவரிடம் விசாரித்து வை.

அப்பாவிடம் அனுமதி கேட்டேன். முழுக் கதையையும் சொன்னேன். "ஒரு செருப்புக்காக மெட்ராஸ் வரைக்கும் போவணுமா? கடையில புதுசு வாங்கித் தரேன்" என்றார். அம்மா உள்ளே இருந்து, "அவங்க கூப்பிட்டிருக்காங்க, நீங்க சும்மா இருங்க" என்றார். பெருநாளுக்கு மறுநாள் காலை ரயிலில் மூவரும் வருகிறோம். சென்ட்ரலில் இருந்து நடக்கிற தூரம்தானே, அழைக்க வர வேண்டாம்.

வலது செருப்பை அன்றைக்கே தூக்கிப் போட்டிருக்க வேண்டும். எதற்கு வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். துடைத்துப் பையில் வைத்துவிட்டேன்.

அம்மியிடம் ஒன்று சொல். ஊருக்குத் திரும்பும்போது என் சாமானில் ஏதாவது ஒன்று காணாமல் போனால் நான் தேட மாட்டேன். எது என்று அவரே பார்த்து எடுத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
ஜெமி